லைன்பேக்கரின் முதல் இரண்டு அடி: அமெரிக்கக் கால்பந்தில் ஓட்டத் தடுப்பைப் பார்க்கப் பழகுபவர்களுக்கு

அமெரிக்கக் கால்பந்து பார்க்க ஆரம்பித்த புதிதில் எல்லோருடைய கண்ணும் பந்தின் பின்னால்தான் போகும். நானும் இரண்டு சீசன் அப்படித்தான் பார்த்தேன். ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக், பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்கின் வயிற்றோடு அதைச் சேர்த்து வைப்பார், அவர் கும்பலுக்குள் பாய்வார், ஐந்தாறு பேர் மேலே விழுவார்கள், விசில் ஊதும். 2 யார்டு. ஏன் 2 யார்டோடு நின்றது, ஏன் 12 யார்டு போகவில்லை என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. பள்ளி அணியில் லைன்பேக்கராக ஆடிய நண்பர் ஒருவர் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த ஒரு குவாட்டர் (ஆட்டத்தின் கால் பகுதி) மட்டும் பந்தை மறந்துடு. நடுவில் நிற்கிற லைன்பேக்கரோட காலைப் பாரு” என்றார். இரண்டு சீசனாகப் புரியாதது அந்த ஒரு குவாட்டரில் புரிய ஆரம்பித்தது. அன்று தொடங்கி நான் பார்க்கப் பழகிய விதத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு சொற்கள். இங்கே ஓட்டம் என்பது கிரிக்கெட் ரன் இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது. டேக்கிள் என்ற சொல்லுக்கு இந்த ஆட்டத்தில் இரண்டு பொருள் உண்டு. ஆளைப் பிடித்து வீழ்த்துவதும் டேக்கிள்தான், வரிசையில் ஒரு இடத்தின் பெயரும் டேக்கிள்தான். குழப்பம் வேண்டாம் என்பதற்காக முதலாவதை நான் ‘வீழ்த்துவது’ என்றே எழுதுகிறேன்.

ஓட்டத்தை நிறுத்துவது ஏன் இவ்வளவு முக்கியம்

தாக்கும் அணிக்கு 4 வாய்ப்பு, அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். முதல் டவுனில் பந்தை ஓடியே 5 யார்டு எடுத்துவிட்டால், அடுத்து ஓடலாம், எறியலாம், எதையும் செய்யலாம். தடுக்கும் அணி ஊகிக்க வழியில்லை. அதே முதல் டவுன் ஓட்டத்தை 1 யார்டில் நிறுத்திவிட்டால் நிலைமை தலைகீழ். மூன்றாவது டவுன் வரும்போது 7, 8 யார்டு தேவைப்படும், பந்தை எறியத்தான் போகிறார்கள் என்று மைதானத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். குவாட்டர்பேக்கை விரட்டிப் பிடிக்கிற ஆட்களுக்குப் பேர் கிடைப்பது அந்த மூன்றாவது டவுனில். அந்த வாய்ப்பை அவர்களுக்கு ஏற்படுத்திக் கொடுப்பது பெரும்பாலும் முதல் டவுனில் வேலை பார்த்த லைன்பேக்கர்.

முதலில், அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்

தடுக்கும் அணியின் 11 பேர் மூன்று அடுக்காக நிற்பார்கள். பந்துக்கு நேர் எதிரே கையைத் தரையில் ஊன்றி நிற்பவர்கள் லைன்மேன்கள். அவர்களுக்குப் பின்னால் 4, 5 யார்டு தள்ளி முழங்காலை லேசாக மடக்கி நிற்பவர்கள் லைன்பேக்கர்கள். இன்னும் பின்னால் கார்னர்பேக்குகளும் சேஃப்டிகளும். இவர்களுக்குப் பொதுப்பெயர் டிஃபன்சிவ் பேக்.

4-3 என்றால் முன்னால் நான்கு லைன்மேன், பின்னால் மூன்று லைன்பேக்கர். நடுவில் நிற்பவரை மைக் என்பார்கள், எதிரணி வரிசையின் ஓரத்தில் கூடுதலாக நிற்கும் டைட் எண்ட் உள்ள பலமான பக்கத்தில் இருப்பவர் சாம், எதிர்ப்பக்கம் இருப்பவர் வில். 3-4 என்றால் மூன்று லைன்மேன், நான்கு லைன்பேக்கர். அதில் இரண்டு பேர் உள்ளே, இரண்டு பேர் ஓரத்தில். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மைக் யார் என்று மட்டும் கண்டுபிடியுங்கள். கைகாட்டி, கத்தி, மற்றவர்களை இடம் மாற்றிக்கொண்டிருப்பவர் அவர்தான். அப்படியும் தெரியவில்லை என்றால் ஹெல்மெட்டின் பின்புறம் பாருங்கள். 2008 முதல் என்எஃப்எல்-லில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) தடுக்கும் அணியில் ஒருவருக்கு மட்டும் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ அனுமதி உண்டு. அடையாளத்துக்குப் பச்சைப் புள்ளி ஒட்டியிருப்பார்கள். பல அணிகளில் அது மைக்தான். அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவதற்காக ஓடும் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது பயிற்சியாளரின் குரல் அறுந்துவிடும். அதற்கு மேல் அவர் கண்தான் அவருக்குத் துணை.

அடுத்து, கேப்பை எண்ணுங்கள்

தாக்கும் அணியின் வரிசையில் நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்ட், அதற்கு வெளியே டேக்கிள், ஒரு ஓரத்தில் டைட் எண்ட். மொத்தம் 6 பேர். ஒவ்வொருவருக்கும் இடையில் ஒரு கேப், அதாவது இடைவெளி. சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில் ஏ, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவில் பி, டேக்கிளுக்கு வெளியே சி, டைட் எண்டுக்கு வெளியே டி. இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்: 6 ஆட்களால் உண்டாவது 7 கேப். இப்போது 4-3-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். நான்கும் மூன்றும் ஏழு. ஒவ்வொரு கேப்புக்கும் ஒரு ஆள்.

எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த கணக்கு இது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: ஏழு மடையில் ஆறை அடைத்துவிட்டு ஏழாவதை விட்டால் தண்ணீர் முழுக்க அந்த ஒன்றின் வழியாகத்தான் போகும். ரன்னிங் பேக்கும் அப்படித்தான். ஆகவே லைன்பேக்கரின் முதல் கடமை தன் கேப்பில் போய் நிற்பது. பந்து அங்கே வராமல் இருக்கலாம். வராமல் போவதற்கே அவர் அங்கே இருப்பதுதான் காரணம்.

தாக்கும் அணி சும்மா இருக்குமா? ஒரு ஃபுல்பேக்கை ரன்னிங் பேக்குக்கு முன்னால் ஓடவிடும். அவர் எந்தப் பக்கம் நுழைகிறாரோ அங்கே புதிதாக எட்டாவது கேப் ஒன்று உருவாகிவிடும். அதை அடைக்க ஒரு சேஃப்டி கீழே இறங்கி வருவார். இந்த இறங்கி வருவதை டிவியிலேயே பார்க்கலாம். ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன்னால் டேக்கிளுக்கு டேக்கிள் அகலத்தில், சுமார் 5 யார்டு ஆழத்துக்குள் எத்தனை தடுப்பாளர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்தப் பகுதிக்கு பாக்ஸ் என்று பெயர். எட்டுப் பேர் என்றால் ஓட்டத்தை எதிர்பார்க்கிறார்கள். ஆறு பேர்தான் என்றால் எறிதலுக்கு அஞ்சி நிற்கிறார்கள்.

இன்றைய ஆட்டத்தில் ஆறு பேர் நிற்பதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். எதிரணி பாஸ் பிடிக்கும் வைட் ரிசீவர்கள் மூன்று பேரை இறக்குவதால், ஒரு லைன்பேக்கரை வெளியே எடுத்துவிட்டு ஐந்தாவது டிஃபன்சிவ் பேக்கைக் கொண்டுவருகிறார்கள். நிக்கல் என்று பெயர். கேப் ஏழு, ஆள் ஆறு. மிச்சமிருக்கும் இரண்டு லைன்பேக்கர்களின் தலையில் அந்தக் குறை விழுகிறது. ஆகவே இந்தக் காலத்து லைன்பேக்கர் ஒரு கேப்பில் நின்றபடி இன்னொன்றையும் கண்ணால் காவல் காக்க வேண்டும்.

இப்போது முக்கியமான படி: முதல் அடி

பந்து ஸ்னாப் ஆனதும் லைன்பேக்கர் எதைப் பார்க்கிறார்? பந்தை இல்லை. பெரும்பாலான அணிகளில் உள் லைன்பேக்கருக்குக் கொடுக்கும் முதல் பாடம், எதிரே நிற்கும் கார்டைப் பார் என்பதுதான். பந்து ஏமாற்றும், ரன்னிங் பேக்கும் ஏமாற்றுவார், 140 கிலோ கார்டு ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம்.

கார்டின் ஹெல்மெட் மேலே எழுந்து அவர் பின்னால் சாய்ந்தால் எறிதல். ஹெல்மெட் தாழ்வாக முன்னால் பாய்ந்தால் ஓட்டம். இதற்கு விதியின் ஆதரவும் உண்டு. முன்னோக்கி எறியும் பாஸ் கையை விட்டுப் போகும் முன் தாக்கும் அணியின் லைன்மேன்கள் 1 யார்டுக்கு மேல் முன்னே போகக் கூடாது என்பது என்எஃப்எல் விதி. கார்டு 3 யார்டு தாண்டி உங்களை நோக்கி ஓடிவருகிறார் என்றால் அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை.

இதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்து ரசிக்கும் காட்சி ஒன்று உண்டு. பவர் என்று சொல்லப்படும் பழைய ஆட்டம். இடப்பக்க கார்டு தன் இடத்தை விட்டு எழுந்து, வரிசைக்குப் பின்னாலேயே வலப்பக்கம் ஓடி, அங்கே திறக்கும் கேப் வழியாக உள்ளே நுழைந்து லைன்பேக்கரைத் தள்ளப் போவார். ஸ்னாப்புக்கு முன்பே இது கொஞ்சம் வெளியே தெரியும். கார்டு தரையில் ஊன்றியிருக்கும் கையைப் பாருங்கள். நேராக முன்னால் பாயப் போகிறவர் உடல் எடையை முழுக்க அந்தக் கையில் போட்டிருப்பார், விரல் மூட்டுகள் வெளுத்திருக்கும். பக்கவாட்டில் ஓடப் போகிறவர் விரலைச் சும்மா தொட்டுக்கொண்டிருப்பார், எடை குதிகாலில் இருக்கும். தேர்ந்த லைன்பேக்கர் இதைக் கண்டுகொண்டு அரை அடி அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார். ஸ்னாப் ஆகிறது. கார்டு எழுந்து திரும்புகிறார். லைன்பேக்கரின் முதல் அடி அதே திசையில், சின்ன அடியாக, தோள் எதிரணியைப் பார்த்தபடி. இரண்டாவது அடி முன்னால், கேப்புக்குள். கார்டு மூலை திரும்பி வரும்போது வாசலில் ஆள் நிற்கிறது. ரன்னிங் பேக்குக்குப் போக இடமில்லை. முழுக்க ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும்.

அதே லைன்பேக்கர் முதல் அடியைப் பின்னால் வைத்திருந்தால்? கார்டு 3 யார்டு உள்ளே வந்து மோதுவார், ரன்னிங் பேக் அந்த முதுகை ஒட்டியே இன்னும் 3 யார்டு போய்விடுவார். அடுத்தடுத்த 6 யார்டு ஓட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. டிவியில் அது “நல்ல பிளாக்” (ஓடுபவருக்காகத் தடுப்பாளரைத் தள்ளிவைப்பது) என்று சொல்லப்படும், பின்னால் வைத்த அந்த ஒரு அடியை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ரன்னிங் பேக்கைப் பார்த்து ஆடும் லைன்பேக்கரை வீழ்த்தவே செய்யப்பட்ட ஆட்டம் கவுன்டர். ரன்னிங் பேக் ஒரு பக்கம் அடி எடுத்து வைப்பார், பந்து போவது மறுபக்கம். 1980-களில் ஜோ கிப்ஸ் பயிற்சியளித்த வாஷிங்டன் அணி, ஹாக்ஸ் என்று செல்லப் பெயர் பெற்ற தன் லைன்மேன்களில் கார்டையும் டேக்கிளையும் ஒன்றாக இழுத்து ஓடவைத்து இதை ஆடியது. அதில் பொய் சொல்வது ரன்னிங் பேக்கின் கால். உண்மை சொல்வது ஓடும் அந்த இரண்டு பெரிய உடல்கள்.

சரி, போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம்?

அப்புறம் மோதல். லைன்பேக்கர் சுமார் 105 கிலோ, எதிரே வருபவர் 140. பலத்தால் ஜெயிக்க முடியாது. யாருடைய தோள் தாழ்வாக இருக்கிறதோ அவர் கை ஓங்கும். இரண்டு உள்ளங்கையும் பிளாக் செய்பவரின் நெஞ்சில், கை நீட்டி, முழங்கை மடங்காமல். அந்த ஒரு கை தூரம் இருந்தால்தான் பந்து எங்கே போகிறது என்று பார்க்கவும், அவரை உதறிவிட்டுப் போகவும் முடியும். நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிவிட்டால் கதை முடிந்தது.

எந்தத் தோளால் மோதுகிறார் என்பதையும் பாருங்கள், புதியவர்கள் தவறவிடும் இடம் இது. ஓடி வரும் கார்டை உள்தோளால் தாங்கினால், ரன்னிங் பேக் உள்ளே, கூட்டம் இருக்கும் பக்கம் திரும்பியாக வேண்டும். வெளித்தோளால் கார்டின் காலடியில் புகுந்து வழியை அடைத்தால் பந்து வெளியே வழியும். அங்கே இன்னொரு லைன்பேக்கர் பக்கவாட்டில் ஓடி வந்து காத்திருக்க வேண்டும். இரண்டும் சரியான முறைதான். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் வெளியே தள்ளி, வெளியே யாரும் இல்லை என்றால் 40 யார்டு போய்விடும். ஒரு பெரிய ஓட்டத்துக்குப் பிறகு இரண்டு லைன்பேக்கர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கையை விரிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அநேகமாக இதுதான் நடந்திருக்கும்.

அகல ஓட்டமும் அவசரமும்

இன்னொரு வகை, அவுட்சைட் ஜோன். தாக்கும் அணியின் ஐந்து லைன்மேன்களும் ஒரே திசையில் அடி எடுத்து ஓடுவார்கள். தடுப்பவர்களும் கூடவே ஓடியாக வேண்டும், இல்லையென்றால் ஓரம் போய்விடும். ஆனால் அளவுக்கு மீறி ஓடினால் ரன்னிங் பேக் ஒரே காலை ஊன்றி, வந்த பக்கமே திரும்பி, காலியாகிப்போன பின்பக்கத்தில் நுழைந்துவிடுவார். 1998-இல் டென்வர் பிரான்கோஸின் டெரெல் டேவிஸ் 2,008 யார்டு ஓடியதற்கு இந்த முறை பெரிய துணை. பின்பக்க லைன்பேக்கருக்கு இது பொறுமைச் சோதனை. பந்துக்கு எப்போதும் ஒரு எட்டு பின்னால், உள்பக்கமாகவே தொடர வேண்டும். ஆசைப்பட்டு முந்திக்கொண்டால் தொலைந்தார். இந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது மைக்கை விட்டுவிட்டு, ஓட்டம் போகாத பக்கத்து லைன்பேக்கரைப் பாருங்கள்.

அவருடைய ஆர்வத்தையே தூண்டிலாகப் பயன்படுத்துவது பிளே ஆக்ஷன்: ஓடுவதுபோல் காட்டி எறிவது. ஓட்டத்தை நோக்கி இரண்டு எட்டு வைத்த லைன்பேக்கரின் தலைக்குப் பின்னால் பந்து பறக்கும். அப்புறம், ஓடும் குவாட்டர்பேக் கேப் கணக்கையே மாற்றிவிடுவார், ஏனென்றால் பந்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பவர் இப்போது இன்னொரு ஓட்டக்காரர். லமார் ஜாக்சன் 2019-இல் 1,206 யார்டு ஓடினார். அவர் முன் நின்ற லைன்பேக்கர்கள் அரை விநாடி தயங்கினார்கள், அந்தத் தயக்கத்தில் ரன்னிங் பேக் தாண்டிப் போனார்.

குறை சொல்வதற்கு முன்னால் அவருக்கு முன்னால் நிற்பவர்களைப் பாருங்கள்

லைன்பேக்கரை மட்டும் வைத்து ஓட்டத் தடுப்பை எடைபோட்டால் தவறிவிடுவீர்கள். 2000-ஆம் ஆண்டு பால்டிமோர் ரேவன்ஸ் 16 ஆட்டங்களில் மொத்தமே 970 யார்டுதான் ஓடவிட்டது. ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 2.7 யார்டு. 16 ஆட்ட சீசனில் அதைவிடக் குறைவாக யாரும் விட்டதில்லை. எல்லோருக்கும் நினைவில் இருப்பது 52-ஆம் எண் ரே லூயிஸ். அந்தப் புகழுக்கு முழுத் தகுதி உள்ளவர்தான். என்எஃப்எல்-லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் 35-ஆவது பதிப்பில் நியூயார்க் ஜயன்ட்ஸை 34-7 என்று வென்றபோது ஆட்ட நாயகனும் அவர்தான். ஆனால் அவர் முன்னால் நின்ற சாம் ஆடம்ஸையும் டோனி சிராகுசாவையும் பாருங்கள். இருவரும் சுமார் 150 கிலோ. ஒருவரைத் தள்ள இரண்டு பேர் தேவை. இரண்டு பேருக்கு நான்கு பேர் போய்விட்டால் லூயிஸை நெருங்க யார் மிச்சம்? அவர் தடையே இல்லாமல் ஓடி வந்து பந்தோடு ஓடுபவரைப் பிடித்தார்.

1985 சிகாகோ பேர்ஸும் இதே கதைதான், வேறு வழியில். தடுப்பாட்டப் பயிற்சியாளர் பட்டி ரயனின் 46 டிஃபன்ஸ் எதிரணியின் சென்டர், இரண்டு கார்டு மூவருக்கும் நேர் எதிரே ஒவ்வொரு ஆளை நிறுத்தியது. அந்த மூவரில் யாரும் எழுந்து நடு லைன்பேக்கர் மைக் சிங்கிள்டரியிடம் (இங்கே மைக் அவர் பெயர்) போக முடியவில்லை. 20-ஆவது சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் ஆட்டம் முழுக்க ஓடி எடுத்தது 7 யார்டு.

ஆகவே ஒரு லைன்பேக்கர் அடிக்கடி பிளாக்கில் சிக்குகிறார் என்றால், முதலில் அவர் முன்னால் உள்ள லைன்மேன்கள் இரண்டு பேரைப் பிடித்து வைக்கிறார்களா என்று பாருங்கள். அதன் பிறகு அவரைத் திட்டலாம்.

எண்களைப் படிக்கும் விதம்

ஆட்டம் முடிந்ததும் “12 டேக்கிள்” என்று ஒரு எண் திரையில் வரும். எங்கே வீழ்த்தினார் என்று கேளுங்கள். 7 யார்டு போன பிறகு பிடித்த 12, எதிரணிக்குக் கிடைத்த 84 யார்டு. 1, 2 யார்டில் பிடித்த ஐந்து அதைவிட மேல். முதல் டவுனில் 4 யார்டு போனாலே தாக்கும் அணிக்கு நல்ல ஆட்டம் என்பது பொதுவான கணக்கு, அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கரோலினா பான்தர்ஸின் லூக் கீக்லி 2013-இல் அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றார். ஸ்னாப்புக்கு முன்பே எதிரணி என்ன ஆடப்போகிறது என்று கத்திச் சொல்லிவிடுவதற்குப் பேர்போனவர். அவர் சொல்லித் தோழர்கள் நகர்ந்து, அவர்கள் பிடித்த ஓட்டம் அவர் கணக்கில் ஏறாது.

பயிற்சிக்கு ஒரு பழைய வீடியோ

22 பேரையும் உயரத்திலிருந்து காட்டும் ஆல்-22 காட்சி கிடைத்தால், அதிலும் கோல் பக்கத்திலிருந்து எடுத்தது கிடைத்தால், கேப் எல்லாம் கோடு போட்டதுபோல் தெரியும். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. நேரலையில் ஒரு குவாட்டர், மைக்கின் முதல் அடி முன்னாலா, பக்கவாட்டிலா, பின்னாலா என்று மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். பக்கத்தில் எத்தனை யார்டு போனது என்று எழுதுங்கள். பத்து ஸ்னாப் குறித்ததும் உங்களுக்கே ஒன்று பிடிபடும்.

அப்புறம் 1982 ஜனவரி 24 அன்று நடந்த 16-ஆவது சூப்பர் பௌலைத் தேடிப் பாருங்கள். மூன்றாவது குவாட்டர், சான் பிரான்சிஸ்கோ 49எர்ஸ் 20, சின்சினாட்டி பெங்கால்ஸ் 7. பெங்கால்ஸுக்கு கோல் கோட்டுக்கு 3 யார்டு முன்னால் முதல் டவுன். கனத்த ஃபுல்பேக் பீட் ஜான்சன் முதல் முறை 2 யார்டு எடுக்கிறார். இரண்டாவது முறை ஒன்றும் இல்லை. மூன்றாவது டவுனில் ஓரத்தில் சார்லஸ் அலெக்ஸாண்டருக்குச் சின்ன பாஸ். லைன்பேக்கர் டான் பன்ஸ் அவர் பந்தைப் பிடித்த இடத்திலேயே இடுப்போடு கட்டிப் பின்னுக்குத் தள்ளுகிறார். கோட்டுக்கு ஓரடிக்குப் பக்கத்தில் இருந்தும் அலெக்ஸாண்டரால் முன்னால் விழ முடியவில்லை. ஓடுபவர் சாயும்போது கிடைக்கும் அந்த ஒரு யார்டைக்கூடக் கொடுக்காமல் வீழ்த்துவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. நான்காவது டவுனில் மறுபடி ஜான்சன். இந்த முறை வீடியோவை ஸ்னாப்பில் நிறுத்தி, ஹேக்ஸா என்று பட்டப்பெயர் கொண்ட லைன்பேக்கர் ஜாக் ரெனால்ட்ஸ் எங்கே நிற்கிறார் என்று தேடுங்கள். பிறகு ஒவ்வொரு காட்சியாக நகர்த்தி அவர் காலைப் பாருங்கள். ஜான்சன் கோட்டைத் தொடவில்லை. 49எர்ஸ் அந்த ஆட்டத்தை 26-21 என்று வென்றது.